பிளாட்டினம் அந்தஸ்தை நம்பி நகர சொகுசு ஹோட்டலில் சூட் எதிர்பார்க்கலாமா?

ஜன்னலோரம்:

வணக்கம். வேலை விஷயமாக அலைந்ததில் இந்த வருடம் மேரியட் பான்வாயில் (மேரியட் ஹோட்டல் சங்கிலியின் உறுப்பினர் திட்டம்) 50 இரவு தாண்டி பிளாட்டினம் என்கிற அந்தஸ்து வந்துவிட்டது. 50 இரவுக்கு நாமே தேர்ந்தெடுக்கத் தரும் சாய்ஸ் பெனிஃபிட் என்ற சலுகையில், ஒன்றுக்கு ஓர் இரவு என்று அறையை உயர்த்தக் கேட்க உதவும் ஐந்து நைட்லி அப்கிரேட் அவார்டுகளை எடுத்து வைத்திருக்கிறேன், இன்னும் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடுத்த மாதம் அப்பா அம்மாவின் திருமண நாள், ஒரு பெருநகரத்தின் மையத்தில் உள்ள சொகுசு ஹோட்டலில் வெள்ளி, சனி இரண்டு இரவு தங்க வைக்கலாம் என்று திட்டம். நானும் கூடவே போகிறேன், அதனால் இரண்டு அறைகள். அவர்களுக்கு சூட் (உட்காரத் தனி இடமும் உள்ள பெரிய அறை) கிடைத்தால் நன்றாக இருக்கும், ஆனால் சூட்டுக்கு ஹோட்டல் சொல்லும் விலை சாதாரண அறையைப் போல இரண்டரை மடங்கு.

பிளாட்டினம் என்றால் செக்-இன்னில் சூட் கொடுத்துவிடுவார்கள் என்று ஒருவர் சொல்கிறார், அதெல்லாம் நடக்காது என்று இன்னொருவர் சொல்கிறார். அவார்டைப் போட்டால் உறுதியா? முன்கூட்டியே ஹோட்டலுக்கு மெயில் போட்டால் பலன் உண்டா? அதே ஊரில் ஹயாத் என்ற இன்னொரு சங்கிலியின் ஹோட்டலும் இருக்கிறது. அங்கே எனக்கு அந்தஸ்து எதுவும் இல்லை, ஆனால் கொஞ்சம் புள்ளிகள் கிடக்கின்றன. இரண்டில் எது புத்திசாலித்தனம்?

மூட்டைமுடிச்சு:

முதலில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள், இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் ஏமாந்தேன் என்று எழுதுகிறார்கள். ஒன்று, அந்தஸ்துக்காக செக்-இன் நேரத்தில் வாசலில் கிடைப்பது. இன்னொன்று, முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொள்வது.

பிளாட்டினத்துக்கான விதியில் 'இருப்பதில் சிறந்த அறை, ஸ்டாண்டர்டு சூட் (அதாவது ஹோட்டலின் சாதாரண ரக சூட்) உட்பட' என்று இருக்கிறது. படிக்க இனிக்கும். ஆனால் 'இருப்பது' எது என்று முடிவு செய்வது ஹோட்டல்தான். ஆப்பில் அன்று மாலை வரை சூட் விற்பனைக்குக் காட்டிக்கொண்டே இருக்கும், கவுன்டரில் கேட்டால் இல்லை என்பார்கள். நீங்கள் ஆப்பைத் திறந்து காட்டினாலும் ஒன்றும் மாறாது, அந்த ஊழியரின் முகம்தான் மாறும். இன்னொன்று, எல்லா பிராண்டும் ஒன்றில்லை. ரிட்ஸ்-கார்ல்டனில் பிளாட்டினத்துக்கான அப்கிரேடில் சூட் சேராது, அதற்கு மேல்படியான டைட்டானியம் வேண்டும், அதாவது 75 இரவு. 'சொகுசு ஹோட்டல்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், எந்த பிராண்டு என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது நைட்லி அப்கிரேட் அவார்டு. முன்பு சூட் நைட் அவார்டு என்று பெயர், 2023இல் மாற்றினார்கள். பெயரிலிருந்து சூட் போனதைக் கவனியுங்கள், சூட் இல்லாத உயர்ரக அறைகளும் இதில் அடக்கம். கோரிக்கை வைக்கும்போது எந்தெந்த அறை வகைகள் சம்மதம் என்று டிக் அடிக்கச் சொல்லும். சூட் மட்டும்தான் வேண்டும் என்றால் சூட்டை மட்டும் டிக் அடியுங்கள். எல்லாவற்றையும் அடித்துவிட்டு, ஜன்னல் கொஞ்சம் பெரிதான ஓர் அறைக்கு இரண்டு அவார்டைப் பறிகொடுத்தவர்கள் நிறைய. தங்கும் எல்லா இரவுகளுக்கும் சேர்த்துத்தான் கேட்க முடியும், உங்களுக்கு இரண்டு அவார்டு செலவாகும். வருவதற்குச் சில நாள் முன்பிருந்து ஒவ்வொரு நாளும் அறை காலியா என்று அமைப்பே பார்க்கும், கிடைத்தால் மெயில் வரும், கிடைக்காவிட்டால் அவார்டு உங்கள் கணக்குக்கே திரும்பிவிடும். ஆகவே போட்டு வைப்பதில் நஷ்டமில்லை. ஆனால் அதை உறுதி என்று மட்டும் எண்ணி அப்பா அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று. ஏதோ ஒரு பயணத் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கே புக் செய்தால் இவை எதுவும் பொருந்தாது. சங்கிலியின் சொந்தத் தளத்திலோ ஆப்பிலோதான் புக் செய்ய வேண்டும்.

இரவுப்பணி:

நான் ஒரு நகர ஹோட்டலில் ஃப்ரன்ட் ஆபீசில் பல வருடம் வேலை பார்த்தவன், இப்போது வேறு துறை, அதனால் கொஞ்சம் தாராளமாகச் சொல்லலாம்.

சூட் யாருக்கு என்பது நீங்கள் கவுன்டருக்கு வந்து சிரிக்கும்போது முடிவாவதில்லை. முந்தைய இரவோ அன்று காலையோ வருகைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு அறைகளை ஒதுக்கிவிடுவோம். பட்டியலில் அந்தஸ்து வரிசை தெரியும், மேலே இருப்பவர்களுக்கு முதலில் பார்ப்போம். பெரிய நகரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு உங்களைப் போன்ற பிளாட்டினம் எத்தனை பேர் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? வேலைக்காகப் பறப்பவர்கள் அத்தனை பேரும் அந்தஸ்துள்ளவர்கள்தான். சூட்டுகளோ கைவிரலில் எண்ணிவிடலாம். அவற்றிலும் ஒன்று ரிப்பேரில் இருக்கும், ஒன்று பணம் கட்டி வருபவருக்கு, ஒன்றை, அறை விலையையும் விற்பனையையும் கவனிக்கும் ரெவென்யூ மேனேஜர் கடைசி நேரம் வரை விடமாட்டார்.

உங்கள் நாட்கள் வெள்ளி, சனி. இது ஹோட்டலைப் பொறுத்தது. அலுவலகங்கள் சூழ்ந்த ஹோட்டல் என்றால் வெள்ளி மாலை காலியாகிவிடும், உங்கள் வாய்ப்பு நன்றாகக் கூடும். சுற்றுலா, கடைவீதி, கல்யாண விருந்து இவற்றை நம்பி ஓடும் ஹோட்டல் என்றால் சனிக்கிழமைதான் மிக மோசமான நாள். ஒரே இரவு தங்குபவருக்கு சூட் ஒதுக்குவது எங்களுக்குச் சுலபம். இரண்டு இரவில் ஒன்று நெருக்கடியான இரவு என்றால், காலியாக இருக்கும் முதல் இரவுக்கும் சேர்த்தே கை வைக்கத் தயங்குவோம், நடுவில் உங்களை அறை மாற்றச் சொல்ல முடியாது அல்லவா. முடிந்தால் ஞாயிறு இரவாக மாற்றுங்கள். நகர ஹோட்டலில் ஞாயிறு போல வேறு நாள் கிடையாது.

மெயில் போடலாம், தப்பே இல்லை. வருகைக்கு இரண்டு மூன்று நாள் முன்பு, நான்கு வரி. திருமண நாள், பெற்றோர், எத்தனை மணிக்கு வருவீர்கள், சூட் அமைந்தால் மகிழ்ச்சி, அவ்வளவுதான். விதியின் பத்தியை வெட்டி ஒட்டி 'எனக்கு உரிமை' என்று எழுதுகிறவர்களின் மெயிலை நாங்கள் அச்செடுத்துச் சுவரில் ஒட்டாத குறைதான். மாதக்கணக்கில் முன்னால் அனுப்பினாலும் வீண், அப்போது எங்களுக்கே தெரியாது.

வரும் நேரமும் முக்கியம். காலை பதினொரு மணிக்கு வந்து நின்றால் சூட் சுத்தமாகியிருக்காது, தயாராக இருக்கும் அறையைத்தான் கொடுப்போம். காத்திருக்கத் தயார் என்று நீங்களே சொல்லிவிட்டு, பையை வைத்துவிட்டு வெளியே போய் வாருங்கள்.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் ஆசையைத் தூண்டிவிடுகிறீர்கள், நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். இது அப்பா அம்மாவுக்கான நாள். நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்பதை வைத்து அவர்கள் விசேஷத்தை ஏன் திட்டமிட வேண்டும்? சூட்தான் விசேஷம் என்றால் காசு கொடுங்கள், அல்லது உறுதியாகக் கிடைக்கும் வழியில் போங்கள்.

ஹயாத்தில் புள்ளிகள் இருப்பதாகச் சொன்னீர்களே, அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். அங்கே பணம் கட்டிய சாதாரண அறையைப் புள்ளி கொடுத்து ஸ்டாண்டர்டு சூட்டுக்கு உயர்த்தலாம், நீண்ட காலமாக இரவுக்கு 6,000 புள்ளிகள் என்ற கணக்கில் இருந்து வருகிறது. இதற்கு அந்தஸ்தே தேவையில்லை. புக் செய்யும்போதே கையில் உறுதி. எல்லாத் தள்ளுபடிக் கட்டணத்துக்கும் பொருந்தாது, எனவே எந்தக் கட்டணத்தில் எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். 60 இரவு தங்கி குளோபலிஸ்ட் என்ற ஹயாத்தின் உயர் அந்தஸ்தைப் பெற்றவர்களுக்கு, காலியாக இருந்தால் வாசலிலேயே ஸ்டாண்டர்டு சூட் கொடுக்க வேண்டும் என்று விதி உண்டு, அது வேறு கதை. அவர்கள் மைல்ஸ்டோனில், அதாவது குறிப்பிட்ட இரவு எண்ணிக்கையைத் தொடும்போது, பெறும் சூட் அப்கிரேட் அவார்டு ஒன்று ஏழு இரவு வரை செல்லும், 2024 முதல் அதை இன்னொரு உறுப்பினருக்குக் கொடுக்கவும் முடியும். உறவிலோ நட்பிலோ யாராவது குளோபலிஸ்ட் இருந்தால் ஒரு போன் போட்டுப் பாருங்கள், காலாவதியாகும் அவார்டை வைத்துக்கொண்டு முழிப்பவர்கள் உண்டு.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. எந்த சூட் 'ஸ்டாண்டர்டு' என்பதை ஹோட்டலே வகுக்கிறது. மொத்தம் முப்பது சூட் இருக்கும், அதில் நான்கைந்தை மட்டும் ஸ்டாண்டர்டு என்று எழுதி வைப்பார்கள், மற்றவை எல்லாம் பிரீமியம். அந்த நாலும் போய்விட்டால் கதவு மூடிற்று. அதனால் இன்றே பாருங்கள்.

ஐஎச்ஜி என்ற இன்னொரு ஹோட்டல் சங்கிலியில் 20 இரவு, 70 இரவு மைல்ஸ்டோன்களில் தேர்ந்தெடுக்கக்கூடிய சூட் அப்கிரேட் ஒன்று உண்டு, வருகைக்கு 14 நாள் முன்பிருந்து உறுதி செய்யலாம், ஐந்து இரவு வரை. உங்களுக்கு இப்போது தேவையில்லை, பின்னால் படிக்க வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் நன்றி. ரிட்ஸ்-கார்ல்டன் இல்லை, பிளாட்டினத்துக்கும் சூட் உண்டு என்கிற பிராண்டுதான். ஞாயிறுக்கு மாற்ற முடியாது, அப்பா திங்கள் காலை ஊரில் இருக்க வேண்டும். இரண்டு சந்தேகங்கள். ஒன்று, அவார்டு அப்பா அம்மா அறைக்கா, என் அறைக்கா? இரண்டு, அடிப்படை அறையை எடுப்பதா, கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து சூட்டுக்கு ஒரு படி கீழே உள்ளதை எடுப்பதா?

மூட்டைமுடிச்சு:

அப்கிரேட் உறுப்பினர் தங்கும் அறைக்கு மட்டும். மூன்று அறை வரை உங்கள் பெயரில் புள்ளி சேரும், ஆனால் அந்தஸ்துச் சலுகைகள் ஓர் அறைக்குத்தான். எனவே சூட் கேட்கும் புக்கிங்கில் உங்கள் பெயரை முதலிலும், அம்மா பெயரைக் கூடுதல் விருந்தினராகவும் போடுங்கள். இன்னொரு அறைக்கும் உங்கள் பெயரோடு அப்பா பெயரைச் சேருங்கள். நீங்கள் நேரில் செக்-இன் செய்கிறீர்கள், ஒரே குடும்பம், யார் எந்தக் கட்டிலில் படுக்கிறார்கள் என்று யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. செக்-இன்போதே இருவருக்கும் சாவி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு கேட்டால் அடையாள அட்டை, கையெழுத்து என்று இழுக்கும்.

இரண்டாவது கேள்விக்கு, அடிப்படை அறைதான். விதியில் நீங்கள் எதை புக் செய்தீர்கள் என்பதற்கு இடமே இல்லை. கூடுதல் காசு வீண்.

இரவுப்பணி:

விதியில் இல்லை, ஆனால் நடைமுறை கொஞ்சம் வேறு. அடிப்படை அறைகளை எல்லா ஹோட்டலும் அதிகமாக விற்றுவிடும், அப்போது யாரையாவது மேலே தள்ளித்தான் ஆக வேண்டும். நாங்கள் பெரும்பாலும் என்ன செய்வோம் என்றால், மேல் வகையில் இருக்கும் அந்தஸ்துள்ளவரை சூட்டுக்கு அனுப்பிவிட்டு அவர் இடத்தில் கீழே இருப்பவரை ஏற்றுவோம். படிப்படியாக நகர்த்துவது. அடிப்படையிலிருந்து நேராக சூட் என்பது நடக்கும், ஆனால் யோசிப்போம். சூட் கிடைக்காமல் போனாலும் பரவாயில்லை என்று சொல்லும் அளவுக்கு அந்த இடைப்பட்ட அறை நன்றாக இருந்து, விலை வித்தியாசமும் கொஞ்சம்தான் என்றால் எடுங்கள். சூட்டுக்காக மட்டும் எடுக்காதீர்கள்.

தெற்குக்காற்று:

ஒரு விஷயத்தை யாரும் கேட்கவில்லை. சூட் எதற்கு? பழைய கட்டடத்தில் இருக்கும் நகர ஹோட்டல்களில் ஸ்டாண்டர்டு சூட் பல நேரம் உள்முற்றத்தைப் பார்த்த மாதிரி, தாழ்வான மாடியில், இரண்டு சின்ன அறைகளாகத்தான் இருக்கும். பக்கத்து மூலை அறையில் இரண்டு பக்கமும் ஜன்னல், ஊரே தெரியும். வயதானவர்களுக்கு எது தேவை என்று பாருங்கள். தொட்டியில் ஏறி இறங்கிக் குளிக்க வேண்டிய சூட்டைவிட, தனி ஷவர் உள்ள சாதாரண அறை மேல். உங்கள் இருவர் அறையும் பக்கத்தில், உள்கதவு வைத்து அமைந்தால் அதுவே போதும், அதையும் மெயிலில் கேளுங்கள். பல ஹோட்டல்களில் சூட்டை ஒட்டிய அறைக்கும் உள்கதவு உண்டு, சூட் கிடைத்தால் இரண்டாவது அறையை அங்கேயே போடச் சொல்லலாம்.

இன்னொன்று, ஹோட்டலிலிருந்து 'குறைந்த விலையில் சூட்டுக்கு உயர்த்திக்கொள்ள ஏலம் கேளுங்கள்' என்று மெயில் வரும். உடனே பெரிய தொகை போட்டுவிடாதீர்கள். அவார்டு இன்னும் பரிசீலனையில் இருக்கும்போது காசும் கட்டினால் எது எதை வெட்டும் என்று கவுன்டரில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள்.

கணக்குப்பிள்ளை:

ஏலம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் சனி இரவு, திருப்பித் தராத கட்டணம் வேண்டாம். ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் மேரியட்டை எடுத்து அவார்டைப் போட்டு வையுங்கள், ஹயாத்தில் சூட் திறந்திருந்தால் அதையும் ரத்து செய்யக்கூடியதாக எடுத்துப் பூட்டி வையுங்கள். இரண்டின் ரத்துக் கெடுவும் எந்த நாள், எத்தனை மணி, உள்ளூர் நேரமா என்று குறித்துக்கொள்ளுங்கள். சில நகர ஹோட்டல்களில் கெடு மூன்று நாள் முன்பே முடிந்துவிடும், அவார்டுக்குப் பதில் வருவதற்குள் முடிவெடுக்க வேண்டி வரும்.

ஜன்னலோரம்:

இப்போதுதான் பார்த்தேன், ஹயாத்தில் வெள்ளி, சனி இரண்டு இரவும் ஸ்டாண்டர்டு சூட் திறந்திருக்கிறது, புள்ளியும் போதுமான அளவு இருக்கிறது. குளியலறைப் படங்களையும் பார்த்துவிட்டேன், தனி ஷவர்தான். அதைப் பிடித்துவிட்டேன். என் அறையை அதை ஒட்டியே கேட்டு மெயில் போடப்போகிறேன். மேரியட் அவார்டுகள் அடுத்த வருடக் கடைசி வரை செல்லும் என்று கணக்கில் காட்டுகிறது, அதை ஒரு ஞாயிறு இரவுக்கு வைத்துக்கொள்கிறேன்.

இரவுப்பணி:

நல்லது. மெயிலில் 'உள்கதவு உள்ள அறை' என்று தெளிவாக எழுதுங்கள். வெறுமனே பக்கத்து அறை என்றால் எதிர்ப்புற அறையைக் கொடுத்துவிட்டு அதுவும் பக்கம்தானே என்பார்கள்.