3.55ஆ, 3.73ஆ? கேம்பர் இழுக்க எந்த ஆக்ஸில்?

கேள்வி:
டென்வரில் இருக்கிறேன். பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் டர்போ எஞ்சின், 10 கியர், ஆக்ஸில் விகிதம் 3.55 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற டிரைவ்ஷாஃப்ட் 3.55 சுற்று; எண் கூடினால் இழுவிசை கூடும்). 7,000 பவுண்டு கேம்பரோடு (பின்னால் இழுத்துப்போகும் வண்டிவீடு) ஐ-70 நெடுஞ்சாலையில் மலைமேல் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கம் வரை ஏற வேண்டும். 3.73 உள்ள வண்டி கிடைக்கும்வரை காத்திருக்கலாமா? வீட்டில் பொறுமை தீர்ந்துகொண்டிருக்கிறது, அது வேறு கதை.

பதில்:
காத்திருக்காதீர்கள் தம்பி. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 5 சதவீதம். அந்த 10 கியர் பெட்டியில் ஒரு கியர் இறங்கினாலே அதைவிட அதிகம் கிடைத்துவிடும். டர்போ என்பதால் அந்தச் சுரங்கம் இருக்கும் 11,000 அடி உயரத்திலும் மூச்சு அவ்வளவாக வாங்காது.

கதவோர ஸ்டிக்கரில் பேலோடு, அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை, எவ்வளவு என்று முதலில் பாருங்கள். கேம்பர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 700 முதல் 1,050 பவுண்டு, ஹிட்ச்சின் (கேம்பரை மாட்டும் கொக்கி) மேல் உட்காரும்; அதுவும் பேலோடு கணக்கில் சேரும். அப்புறம் குடும்பம், கூலர், நாய். என் வண்டியில் முதலில் தீர்ந்தது பேலோடுதான், இழுவை இல்லை.

கேட்டவர்:
நன்றி அண்ணா. ஆனால் 35 அங்குல டயர் போட ஆசை.

பதில்:
சரி, அப்படியென்றால் கணக்கே மாறுகிறது. 32 அங்குலத்திலிருந்து 35-க்குப் போனால் உங்கள் 3.55, ஏறக்குறைய 3.25 போல நடந்துகொள்ளும், இழுவிசை குறையும். ஏற்றத்தில் கியர் மேலும் கீழும் அலையும். சரிசெய்ய ஆக்ஸிலுக்குள் பல்சக்கரங்களையே மாற்ற வேண்டும். நான்கு சக்கர டிரைவ் என்றால் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. நான் அப்படிச் செய்து, அந்தப் பில்லை இன்னும் வீட்டில் காட்டவில்லை.