ஆபத்து என்றால் நாய் ஏன் நம் காலோடு வந்து நிற்கிறது? நெல்லைச் சீமை அனுபவங்கள்

வீரவநல்லூர் பேரன்

எங்கள் ஆச்சி வீட்டில் செவலை என்று ஒரு நாய் இருக்கிறது. தெருவில் பிறந்து வளர்ந்து, ஆச்சி போட்ட பழைய சோற்றுக்காக வீட்டின் முன்பக்கத் தார்சாவுக்கு வந்து ஒட்டிக்கொண்டது. சிலிண்டர் போடுபவர், பால்காரர், கீரை விற்கிற அக்கா என்று யாரையும் ஒன்றும் சொல்லாது. கண்ணைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் நகைக்குப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று ஒருவன் வந்தான். நான் உள்ளே பட்டாசலில் இருந்தேன். ஆச்சி தார்சாவில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மரியாதையாகத்தான் பேசினான். "காசு ஒண்ணும் வேண்டாம் ஆச்சி, சும்மா பாத்துட்டுப் போறேன்" என்றான். செவலை எழுந்தது. குரைக்கவில்லை. மெதுவாக நடந்து வந்து, ஆச்சியின் முழங்காலில் உடம்பு படும்படி குறுக்கே நின்றது. பிடரியிலிருந்து வால் வரைக்கும் மயிர் சிலிர்த்திருந்தது. மேலுதடு ஒரு பக்கம் மட்டும் லேசாக ஏறியது. அவன் ஒரு படி ஏறினான். தொண்டைக்குள்ளிருந்து ஒரே ஒரு உறுமல். "பெறகு வாரேன்" என்று போய்விட்டான்.

சிலிண்டர்காரருக்கு அசையாத நாய் இவனுக்கு மட்டும் ஏன் எழுந்தது? சாயந்திரம் ஆச்சியிடம் கேட்டேன். "எனக்கே அவனப் பாத்ததும் ஈரக்கொல நடுங்கிட்டு. கழுத்துல கெடக்கத அவன் பாத்த பார்வை சரியில்ல. வெளிய காட்டிக்கிடல" என்றாள். பட்டாசலில் இருந்த எனக்கு அவள் பயந்ததே தெரியாது. நாய்க்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் பக்கம் நடந்ததையும் சொல்லுங்கள்.

கிடைக்காரர் மகன், மானூர்

அப்பாவுக்கு ஆடுதான் தொழில். அறுப்பு முடிந்ததும் வயலில் உரத்துக்காக ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை மறிப்போம். கிடைக்கு நாங்கள் வைத்திருப்பது சாதாரண நாட்டு நாய்கள். வடக்கே கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தில் பேர்போன கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்ட வளர்க்கப்பட்ட சாதி. ஏதாவது ஓடினால் பின்னாலேயே போய்விடும். கிடைக்கு வேண்டியது போகாத நாய். "வெரட்டிட்டுப் போற நாயி எதுக்குல? கிடைய விட்டு நகராம நிக்கணும்" என்பார் அப்பா.

தேவர்குளம் பக்கம் கிடை கிடந்தபோது நடந்தது இது. நடுச்சாமத்தில் ஓடைக்கு அந்தப் பக்கம் லோடு ஆட்டோவை நிறுத்திவிட்டு ஆட்கள் இறங்கினார்கள். அப்பாவுக்கு நாயின் சத்தத்திலேயே ஆள் எது, நரி எது என்று தெரியும். நரி என்றால் குரைப்பு நகர்ந்துகொண்டே போகும். பாம்பு என்றால் நின்ற இடத்திலேயே விட்டு விட்டு, கீச்சுக் குரலில் வரும். ஆள் என்றால் அடித்தொண்டையில், விடாமல். அன்றைக்கு அடித்தொண்டை. மூத்த கடுவன் ஓடைக்கரை வரைக்கும் போய்க் குரைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பி வரும், மறுபடி போகும். பொட்டை நாய் போகவே இல்லை. அப்பா கட்டிலை விட்டு எழுந்து டார்ச் அடிக்க, அவர் காலோடு ஒட்டி நின்று, வெளிச்சம் போகிற பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பியது. நாங்கள் சத்தம் போட்டதும் வண்டி கிளம்பிப் போய்விட்டது. ஒரு ஆடுகூடப் போகவில்லை.

பல கையில் தின்ற நாய் காவலுக்கு ஆகாது என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் நாய்களுக்குக் கஞ்சி ஊற்றுவது அம்மா. ஆனால் ஆபத்து என்றால் அவை போய் நிற்பது அப்பா பக்கத்தில். பகல் பூராவும் அவரோடு வெயிலில் நடந்து, ராத்திரி அவர் கட்டிலுக்கடியில் படுக்கிற ஒட்டுதல்தான் அது.

கால்நடை டாக்டர், பாளையங்கோட்டை

வீரவநல்லூர் தம்பி, ஆச்சி சொன்னதிலேயே பாதி பதில் இருக்கிறது. செவலை வந்தவனைக் கவனித்ததைவிட ஆச்சியைத்தான் அதிகம் கவனித்திருக்கும். பயந்தால் நமக்கு மூச்சு மாறும், தோள் இறுகும், கீரை ஆய்கிற கை ஒரு நொடி நிற்கும். வியர்வை வாசமும் மாறும். இத்தாலியில் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஒரு சோதனையில், பயமூட்டும் காட்சிகளைப் பார்த்தவர்களின் வியர்வையை நாய்கள் முகரும்படி வைத்தார்கள். நாய்களின் இதயத் துடிப்பு ஏறியது, பதற்றம் கூடியது. அறையில் இருந்த புது ஆளைவிடத் தங்களை வளர்த்தவரையே அதிகம் நாடின. ஆச்சியின் முழங்காலில் செவலை வந்து ஒட்டியதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

மானூர் தம்பி சொல்லும் ஒட்டுதலையும் சோதித்திருக்கிறார்கள். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டது: நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் இறங்கச் செய்கிற அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை. அதே வருஷம் கியோத்தோவில் இன்னொன்று செய்தார்கள். வளர்ப்பவர் ஒரு டப்பாவைத் திறக்க முடியாமல் பக்கத்தில் இருப்பவரிடம் உதவி கேட்பார், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். இன்னொருவர் இதில் சேராமல் சும்மா இருப்பார். பிறகு இரண்டு பேரும் தின்பண்டம் நீட்டினால், உதவ மறுத்தவர் கையில் வாங்குவதை நாய்கள் தவிர்த்தன. தனக்கு ஒரு லாபமும் இல்லாத விஷயத்திலும் நம்மிடம் யார் எப்படி நடக்கிறார்கள் என்று நாய் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "ரொம்பப் பாசமான நாயி டாக்டர், யாரையும் பக்கத்துல விடாது" என்று என்னிடம் பெருமையாகக் கொண்டுவருகிற நாய்களில் பல, பயந்த நாய்கள். குட்டியிலிருந்து வெளி ஆளையே பார்க்காமல் சங்கிலியில் வளர்ந்தவை. காது பின்னால் மடங்கி, வால் தொடைக்குள் போய், உடம்பு பின்னுக்குச் சாய்ந்து குரைக்கிற நாய் உங்களைக் காக்கவில்லை, எதிரே நிற்பவரைத் தள்ளிப் போகச் சொல்லிக் கெஞ்சுகிறது. ஓட வழியில்லாமல் கட்டியிருப்பதால் கடிக்கிறது. இதைப் பாசம் என்று தட்டிக்கொடுத்து வளர்த்தால், ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைதான் கடி வாங்கும்.

பாபநாசம் அடிவாரம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச தூரத்தில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் தொடங்கிவிடும். சிறுத்தை இறங்கி வருவது இங்கே புதுசு இல்லை, அது முதலில் தூக்குவது நாயைத்தான். அதனால் எங்கள் ஊர் நாய்கள் நம்மைக் காக்கிற விதமே வேறு.

வெள்ளனே இருட்டோடு வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனேன். கருப்பன் எப்போதும் முன்னால் ஓடும். அன்றைக்கு வரப்பில் ஏறியதும் நின்றுவிட்டது. திரும்பி வந்து என் முழங்காலில் நெஞ்சை வைத்துத் தள்ளியது. நான் தாண்டிப் போகப் பார்த்தேன். நான் கட்டியிருந்த சாரத்து முனையைப் பல்லால் கவ்விக்கொண்டது. சத்தமே இல்லை. அது நடுங்குவது சாரம் வழியாக என் காலுக்குத் தெரிந்தது. சரி, என்னவோ இருக்கிறது என்று டார்ச்சைத் தூக்கி அடித்தால், மோட்டார் ரூம் பக்கத்தில் தரையோடு தரையாக இரண்டு கண்கள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு வாழைக்குள் இறங்கிப் போயிற்று. வனத்துறை ஆட்கள் வந்து ஈர மண்ணில் தடம் பார்த்து, சிறுத்தைதான் என்றார்கள்.

ஊரில் சிலர் கருப்பனைப் பயந்தாங்கொள்ளி என்றார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தன் உயிர்தான் பெரிது என்றால் அது வீட்டைப் பார்த்து ஓடியிருக்கலாம். ஓடவில்லையே, என்னையும் அல்லவா இழுத்தது? டாக்டர், நீங்கள் சொல்லுங்கள்.

கால்நடை டாக்டர், பாளையங்கோட்டை

ஓடாமல் உங்களிடம் வந்ததுதான் பதில், அண்ணாச்சி. பயமும் ஒட்டுதலும் ஒரே நேரத்தில் ஒரு நாய்க்குள் இருக்கும். அமெரிக்காவில் அரிசோனா ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டதைக் கேளுங்கள். வளர்ப்பவர் ஒரு பெட்டிக்குள் மாட்டிக்கொண்டதுபோல் உதவி கேட்டுக் கத்துவார். 60 நாய்களில் 20 கதவைத் திறந்து அவரை வெளியே விட்டன. மற்றவற்றுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. அதே பெட்டிக்குள் தீனியைப் போட்டபோது 19 நாய்கள்தான் திறந்தன. பல நாய்களுக்குத் திறக்கும் வழி பிடிபடவில்லை, அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் கத்தும்போது நாய்கள் தவித்து முனகியதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

கருப்பனுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது, செய்தது. சிறுத்தையோடு மோதியிருந்தால் இப்போது நீங்கள் நாயில்லாமல் இதை எழுதியிருப்பீர்கள். ராத்திரியில் அதை வெளியே கட்டிப்போடாதீர்கள். வீட்டுக்குள் படுக்க ஒரு சாக்கு போதும்.

முக்கூடல் மருமகள்

எனக்கு ஒரு சந்தேகம். நான் பீடி சுற்றும்போது எங்கள் நாய் மணி என் மடியோரம்தான் படுத்திருக்கும். சுளகை எடுக்க என் மாமியார் கையை நீட்டினால் உறுமும். போன மாதம் என் சின்னவன் தவழ்ந்து என்னிடம் வந்தபோதும் உறுமியது. "ஒம் மேல உசுரா கெடக்கு" என்று அத்தை சிரிக்கிறாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

கால்நடை டாக்டர், பாளையங்கோட்டை

உங்கள் மனசு சொல்வதுதான் சரி, அம்மா. எலும்பை யாரும் எடுத்துவிடக் கூடாது என்று உறுமுகிறது பாருங்கள், மணி இங்கே உங்களை அப்படி வைத்திருக்கிறது. உறுமியதற்காக அடிக்காதீர்கள். உறுமல் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்திவிட்டால், அடுத்த தடவை எச்சரிக்கை இல்லாமல் கடி விழும். உறுமினால் கோபப்படாமல் எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுங்கள். மணிக்குத் தனியாக ஒரு இடம் போட்டுப் பழக்குங்கள். பிள்ளை தூரத்தில் தெரிகிறபோதெல்லாம் மணிக்கு ஒரு துண்டு கருவாடோ முட்டையோ விழட்டும். இரண்டையும் ஒரே இடத்தில் தனியாக விடவே விடாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி போடவில்லை என்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். தப்பித்தவறிப் பல் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

திசையன்விளை விடலி

அப்பா அம்மா பனங்காட்டுக்குள் தனி வீட்டில் இருக்கிறார்கள். காவலுக்கு ஒரு கன்னிக் குட்டி வாங்கலாம் என்று இருக்கிறேன். ஆளைக் கண்டால் பாய்கிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறார் அப்பா.

கால்நடை டாக்டர், பாளையங்கோட்டை

பாய்கிற நாய் வேண்டாம் தம்பி. வயதானவர்களால் பிடித்து நிறுத்த முடியாது, தபால்காரர்கூட வரமாட்டார். கன்னி இயல்பாகவே புது ஆளிடம் ஒட்டாத சாதி, நீங்கள் தனியாகக் கோபம் ஊட்ட வேண்டியதில்லை. ஓடவும் அதற்கு இடம் வேண்டும், கட்டிப்போட்டால் கெட்டுவிடும். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் குட்டி பார்ப்பதும் கேட்பதும்தான் அதன் மனசில் பதியும். எட்டு வாரம் தாயோடு விட்டு, அப்புறம் எடுங்கள். எடுத்ததும் பனையேறி வருபவர், பேரன் பேத்திகள், பைக் சத்தம் எல்லாவற்றையும் பழக்குங்கள். எது வழக்கம் என்று தெரிந்தால்தான் எது வழக்கமில்லை என்று அதற்குத் தெரியும். உங்கள் அப்பா தினமும் அதோடு காட்டைச் சுற்றி நடக்கட்டும். வாங்கப் போகும்போது குட்டியை மட்டும் பார்க்காமல் தாயையும் பாருங்கள். அது உங்களைக் கண்டு ஒடுங்கி மூலைக்குப் போனால் அந்த ஈற்றில் குட்டி எடுக்காதீர்கள்.