வடக்குச் சுவரில் வருஷா வருஷம் பாசி: வீட்டு வெளிப்புறம் கழுவிய அனுபவம் சொல்லுங்க

தாம்பரத்தான்:
ஐப்பசி, கார்த்திகை மழை அடிச்சு ஓய்ஞ்சா எங்க வீட்டு வடக்குச் சுவர் பச்சை. தை பொறந்து வெயில் ஏறினதும் அதே பச்சை காஞ்சு கறுத்து, விறகடுப்புப் புகை படிஞ்ச மாதிரி நிக்கும். தெற்குச் சுவர் மட்டும் பளிச்சுன்னு இருக்கு. ஒரே பெயின்ட், ஒரே வாரத்துல அடிச்சது.

போன வருஷம் போகிக்கு முன்னாடி ஒரு பிரஷர் வாஷரை வாடகைக்கு எடுத்தேன். வீடியோவுல பாத்தா துப்பாக்கியை அசைக்கிறாங்க, சுவர் வெள்ளையாகுது. பெட்டியில கலர் கலரா நாலஞ்சு நாசில். சிவப்பு நல்லா இருக்கேன்னு அதைச் சொருகினேன். அது ஜீரோ டிகிரி, ஊசி மாதிரி ஒரே கோடா அடிக்கும்னு அப்புறம்தான் படிச்சேன். முதல் இழுப்புலயே பாசியோட பெயின்ட், பெயின்டோட பட்டி, ரெண்டு விரல் அகலத்துக்கு மொத்தமா உரிஞ்சு வந்துடுச்சு. இன்னிக்கும் அந்த வளைவு சுவத்துல அப்படியே இருக்கு.

பயந்து போய் வெள்ளை நாசில் மாத்தினேன். அது 40 டிகிரி, விசிறி மாதிரி விரிஞ்சு அடிக்கும். கொஞ்சம் தள்ளி நின்னு அடிச்சதுல பாசி போச்சு. ஆனா ஜன்னல் ஓரத்துல ஒரு கீறல் இருந்ததை நான் கவனிக்கலை. தண்ணி அது வழியா உள்ள போய் பீரோவுக்குப் பின்னாடி இறங்கியிருக்கு. ரெண்டு நாள் கழிச்சு வீட்டம்மா பீரோவைத் திறந்தா, அடித்தட்டுப் பட்டுப்புடவை எல்லாம் ஈரம். அதுக்கப்புறம் நடந்ததை இங்க எழுத முடியாது.

இந்த வருஷமும் பச்சை வந்தாச்சு. நீங்கள்லாம் என்ன பண்றீங்க?

குடந்தை அக்கா:
மெஷின் எல்லாம் வேணாம் தம்பி, பிளீச்சிங் பவுடர் போதும். பிளாஸ்டிக் பக்கெட்ல கரைச்சு, அரை மணி நேரம் தெளிய விட்டு, மேல இருக்கிற தெளிவை மட்டும் எடுத்து சுவத்துல அடிக்கணும். கால் மணி நேரம் ஊறினா பச்சை தானா வெளுக்கும். அப்புறம் தேங்காய் நார் பிரஷ் போட்டுத் தேய்ச்சு அலசினா சரி. கம்பி பிரஷ் வச்சா பெயின்ட்ல கீறல் விழும், அடுத்த வருஷப் பாசி அந்தக் கீறல்லதான் முதல்ல குடியேறும். சுவர் ஓரத்துச் செடிகளுக்கு முன்கூட்டியே நிறையத் தண்ணி ஊத்தி நனைச்சிடுங்க. நான் ஒரு தடவை மறந்து ஒரு நந்தியாவட்டையைப் பறிகொடுத்தேன்.

இப்ப நடந்ததைச் சொல்றேன். கொல்லைப்புறம் பாசி வழுக்குதுன்னு பிளீச்சிங் போட்டு ஊற விட்டிருந்தேன். உதவிக்கு வந்த பையன், "இன்னும் போகலக்கா"ன்னு சொல்லி, கக்கூஸ் கழுவ வச்சிருந்த ஆசிட்டை அதே இடத்துல ஊத்திட்டான். குப்புன்னு ஒரு நெடி. மூக்குக்குள்ள மிளகாய்ப்பொடியைத் தூவினாப்புல எரிச்சல், கண்ணைத் திறக்க முடியல, ரெண்டு பேருக்கும் இருமல் நிக்கவே இல்லை. அது குளோரின் வாயுவாம். திறந்தவெளியா இருந்ததால தெருவுக்கு ஓடித் தப்பிச்சோம். பாத்ரூமுக்குள்ள நடந்திருந்தா நினைக்கவே பயமா இருக்கு. அந்தப் பையனுக்கு ராத்திரி வரைக்கும் நெஞ்சு இறுக்கம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதாப்போச்சு. அன்னிலேருந்து எங்க வீட்டுல ஆசிட் பாட்டிலே கிடையாது.

கொங்குத் தம்பி:
அக்கா சொல்றது சரிங்க. ஆசிட் சிமென்ட்டையே திங்கும். எங்க வாசப்படியில ஊத்தினப்ப நுரை பொங்கறதைப் பாத்து அழுக்குப் போகுதுன்னு சந்தோஷப்பட்டோம்ங்க. நுரைச்சது சிமென்ட்டு. இப்ப படி சொரசொரன்னு மணலா உதிருது.

இன்னொண்ணுங்க. எங்க போர்த்தண்ணி சரியான உப்பு. அதுல சுவரைக் கழுவினா காஞ்சதும் வெள்ளை வெள்ளையா திட்டு. அதனால கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி ஊத்தலாம்னு குடத்தைத் தூக்குனேன். "சிறுவாணித் தண்ணியச் செவுத்துக்கா ஊத்தற?"ன்னு எங்கம்மா குடத்தைப் புடுங்கிட்டாங்க. திட்டு அப்படியே இருக்குதுங்க.

மன்னை:
நமக்குப் பாசி இல்லீங்க, கதண்டு, அதான் கூட்டமா வந்து கொட்டுற பெரிய குளவி. பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கலாம்னு மாடி சன்ஷேடுக்கு அடியில கம்பை விட்டேன். மண்ணு அப்பின பானை மாதிரி ஏதோ தட்டுப்பட்டுச்சு. ரெண்டு கதண்டு வெளிய வந்து கம்பு நுனியைச் சுத்திச்சு. கம்பைப் போட்டுட்டு ஓடினதுல செருப்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். 101க்குப் போன் பண்ணினா தீயணைப்புக்காரங்க உடனே வரலை, இருட்டட்டும்னாங்க. பகல்ல பாதி வெளிய திரியும், ராத்திரிதான் எல்லாம் கூட்டுக்குள்ள அடங்குமாம். அதே மாதிரி ராத்திரி வந்து முடிச்சுக் கொடுத்தாங்க. இப்பல்லாம் கம்பை விடுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பாத்துடுறேன். சன்ஷேடு பக்கம் சர்வீஸ் ஒயர் போற வீடா இருந்தா இரும்புக் கம்பு வேண்டாம், மூங்கில்தான்.

வைகைக்கரை:
எங்க பிரச்சினை கைப்பிடிச் சுவத்துல அரசங்கன்று. காக்கா எச்சத்துல விதை விழுந்து முளைச்சது. மூணு வருசம் அரிவாளால வெட்டினேன், ஒவ்வொரு தடவையும் இன்னும் தடியா துளுத்துச்சு. வேர் கீறலுக்குள்ள போயி பூச்சையே தூக்கிருச்சு. பெருங்காயம் வச்சா பட்டுப்போகும்னு ஒருத்தர் சொன்னாரு, வச்சேன். சாம்பார் வாசம் வந்ததுதான் மிச்சம். அப்பத்தாவுக்கோ அரசமரத்தை வெட்டவே மனசில்லை. கடைசியில கொத்தனாரை வச்சு அந்த இடத்தை மட்டும் உடைச்சு, வேரோட எடுத்து கண்மாய்க்கரையில நட்டுட்டு, ஓட்டையைக் கலவையால அடைச்சோம். அப்பர் கையில உழவாரத்தோட நிக்கிறதைக் கோயில்ல எத்தனையோ தடவை பாத்திருக்கேன். புல் செதுக்குறதுக்கு ஒரு பெரியவர் ஏன் ஆயுதம் தூக்கினாருன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது.

நெல்லைக் கொத்தனார்:
தாம்பரத்துத் தம்பிக்கு. நீங்க எல்லாரும் அழுக்கைப் பத்தியே பேசுதீங்க. பாசிக்கு அழுக்கு வேண்டாம், ஈரம் போதும். புரட்டாசிக்குப் பெறவு சூரியன் தெக்க சாஞ்சிரும். பங்குனி வரைக்கும் வடக்குச் சுவத்துல நேர் வெயிலு விழாது. உங்க ஊருல மழையும் வடகிழக்கேருந்துதான் சாஞ்சு அடிக்கும். நனையுத சுவரும் அதுதான், காயாத சுவரும் அதுதான். பொறவு என்னத்த தேச்சாலும் வரத்தான் செய்யும்.

ஒரு காரியம் பாருங்க. சன்ஷேடுக்கு அடியில, வெளி விளிம்பை ஒட்டி, ஒரு விரல் போற அளவுக்கு நீளமா ஒரு பள்ளம் இருக்கா? அது இருந்தா தண்ணி அதைத் தாண்ட முடியாம சொட்டிரும். இல்லன்னா அடிப்பக்கமா ஊர்ந்து சுவத்துக்கு வந்து வழிஞ்சுகிட்டே கெடக்கும். இப்ப அவசரத்துல கட்டுத வீட்டுல பாதிப் பேரு அதை வைக்கிறதே இல்ல.

முந்தி வருசா வருசம் சுண்ணாம்பு அடிச்சோம். கடுங்காரம், அதுல பாசி பிடிக்காது. அந்த ஆசையில இப்ப இருக்குத எமல்சன் பெயின்ட் மேல சுண்ணாம்பு அடிச்சிராதீங்க. ஒட்டாது, மாவா உதிரும். வெளுக்க வச்சு நல்லாக் காய விடுங்க, கீறலை அடைங்க, பெறவு பெயின்ட்.

தாம்பரத்தான்:
அண்ணாச்சி, நீங்க சொன்னதும் மாடிக்குப் போய் ஒரு பக்கெட் தண்ணியை சன்ஷேடு மேல மெதுவா ஊத்தினேன். பையனைக் கீழ நிறுத்தி வீடியோ எடுக்கச் சொன்னேன். பள்ளமே இல்லை. தண்ணி விளிம்புல ஒரு நிமிஷம் தொங்கி, அடிப்பக்கமா நூல் மாதிரி ஊர்ந்து, சுவத்தைத் தொட்டு, நேரா அந்தக் கறுப்புத் தடத்து மேலயே இறங்குது. எங்க வழிஞ்சா எங்க கறுக்குதுன்னு கோடு போட்டுக் காட்டுற மாதிரி இருந்தது. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழியற குழாயும் அதே பக்கம்தான் திரும்பியிருக்கு. பத்து வருஷமா மோட்டரை நிறுத்த மறக்கறது நான்.

ஞாயித்துக்கிழமை கொத்தனார் வர்றார். சன்ஷேடு விளிம்புல பள்ளம் வெட்டணும், இல்லைன்னா சின்னதா ஒரு விளிம்பு எடுத்துக் கட்டணும்னு சொல்றார். குழாயை நேத்தே திருப்பியாச்சு. பிளீச்சிங் தெளிவு வெள்ளிக்கிழமை. வீட்டம்மா இதையெல்லாம் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லலை. பீரோவைத் தெற்குச் சுவர்ப் பக்கம் நகர்த்தச் சொல்லி ஆள் கூப்பிட்டிருக்காங்க.