உதவி: மாயா பஜார் டிவிடி, மந்திரக் காட்சியில மட்டும் படம் உடையுது. திருப்பி அனுப்பணுமா?

கதிர்_78
வணக்கம். மாயா பஜார் டிவிடி நேத்து வந்துச்சு. முதல் பாதி பரவாயில்லை. கல்யாண சமையல் சாதம் பாட்டு வந்ததும் படம் உடைஞ்சு போகுது. தட்டெல்லாம் நகர்ற இடத்துல ஒண்ணுமே புரியலை, கடோத்கஜனா வர்ற ரங்காராவ் முகமே கலங்கலா இருக்கு. ஆள் வேற இருக்கறதைவிட குண்டா தெரியறார். மந்திரம் வர்ற காட்சி எல்லாமே இப்படித்தான். நண்பன் வீட்டுல பார்த்தது கலர்ல பளிச்சுன்னு இருந்துச்சு, எனக்கு வந்தது கறுப்பு வெள்ளை. டிஸ்க் கோளாறா, இல்ல ஏமாத்திட்டாங்களா? நாளைக்குள்ள திருப்பி அனுப்பணும். அப்பாவுக்காக வாங்கினது. சீக்கிரம் சொல்லுங்க.

ரீல்பெட்டி
தமிழா, தெலுங்கா? எந்த ப்ளேயர்? டிவிக்கு எச்டிஎம்ஐ போட்டிருக்கீங்களா, மஞ்சள் சிவப்பு வெள்ளை ஒயரா? "உடையுது"ன்னா என்ன? கட்டம் கட்டமா வருதா, கோடு கோடா வருதா, நின்னு நின்னு ஓடுதா? ஒவ்வொண்ணுக்கும் காரணம் வேற.

சிவகாமி_ர
டிஸ்கோட அடிப்பக்கம் கீறல் இருக்கான்னு முதல்ல பாருங்க. மெல்லிய துணியால நடுவிலிருந்து ஓரத்துக்கு நேரா துடைக்கணும். வட்டமா சுத்தித் துடைக்காதீங்க. அப்படித் துடைச்சா விழற கீறல் டேட்டா ஓடுற திசையிலேயே விழும், ப்ளேயரால சமாளிக்க முடியாது.

ஓரம்போ
லென்ஸ்தான். கண்ணை மூடிட்டுச் சொல்வேன். டிவிடியை உள்ளிருந்து வெளியே படிப்பாங்க. படத்தோட பின்பாதி வெளி ஓரத்துல இருக்கும், பழைய ப்ளேயர்ல லென்ஸ் தளர்ந்தா அங்கேதான் திணறும். கல்யாண சமையல் பாட்டு பின்பாதியில வர்றதுதானே? வேற ப்ளேயர்ல போட்டுப் பாருங்க.

ரீல்பெட்டி
ஓரம்போ, லென்ஸ் திணறினா படம் உறையும், தாவும், சத்தம் விட்டு விட்டு வரும். மந்திரம் வரும்போது மட்டும் திணறி, அடுத்த சீன்ல சரியாகாது. லென்ஸுக்கு மந்திரம் தெரியாதே. கதிர், சத்தம் சரியா வருதா?

பழைய புரொஜக்டர்
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. 1957-ஆம் ஆண்டுப் படம் இது. கம்ப்யூட்டரில் செய்த தந்திரம் இல்லை. இரண்டு நெகட்டிவில் எடுத்ததை ஆப்டிகல் பிரிண்டரில் (ஒரு பிலிமில் உள்ளதை இன்னொரு பிலிமில் படம்பிடிக்கும் கருவி) வைத்து ஒன்றாக்கி, மூன்றாவதாக ஒரு டூப் நெகட்டிவ் எடுப்பார்கள். நகலின் நகல். ஒவ்வொரு நகலுக்கும் கிரெய்ன், அதாவது பிலிமின் மணல் போன்ற புள்ளி, ஏறும், கூர்மை இறங்கும். அதனால்தான் மந்திரக் காட்சிகள் மற்றவற்றைவிட மங்கலாக இருக்கின்றன. நெகட்டிவிலேயே அப்படித்தான் இருக்கிறது. டிஸ்க்கைக் குறை சொல்லி என்ன பயன்? அடிப்படையைப் படித்துவிட்டுக் கேளுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம்.

கலர் பற்றி: அது தெலுங்குப் பதிப்பு. 2010 ஜனவரியில் வண்ணம் ஏற்றி வெளியிட்டார்கள். நீங்கள் வாங்கியது தமிழ் என்றால் கறுப்பு வெள்ளையில்தான் இருக்கும். ஏமாற்று எதுவும் இல்லை.

நிலாச்சோறு
ஐயா சொன்ன ஆப்டிகல் விஷயம் உண்மைதான். ஆனா எல்லாத் தந்திரமும் ஆப்டிகல் கிடையாது. கேமராவை நிறுத்திட்டு ஆளை விலக்கி மறுபடி ஓட்டறது, பிலிமைப் பின்னோக்கி ஓட்டறது, லென்ஸுக்கு முன்னாடி பாதியை மறைச்சு எடுத்துட்டு அதே பிலிம்ல மீதியை எடுக்கறது, இதெல்லாம் கேமராவுக்குள்ளேயே முடிஞ்சிடும். அங்கே நகல் இல்லை, அதனால இழப்பும் இல்லை. இந்தப் படத்தோட ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி மாதிரி ஆட்களுக்கு இதெல்லாம் கை வந்த கலை.

அதனால மந்திரக் காட்சின்னாலே மங்கல்தான்னு விட்டுட முடியாது. கதிர், ஒரு சோதனை செய்ங்க. மந்திரமே இல்லாத காட்சியில, ஒரு சீன் கரைஞ்சு இன்னொண்ணு வர்ற இடம் இருக்கும். அந்தக் கரைதலையும் அந்தக் காலத்துல ஆப்டிகல்லதான் செய்வாங்க. அது தொடங்கினதும் படம் லேசா மங்கி, மணல் தூவின மாதிரி ஆனா, அது பிலிமோட குணம். வத்சலா பெட்டியைத் திறந்து உள்ளே அபிமன்யுவைப் பார்க்கற ஷாட்டையும் நிறுத்திப் பாருங்க. மணல் மாதிரி, பிரேமுக்குப் பிரேம் இடம் மாறினா கிரெய்ன். குட்டிக் குட்டிச் சதுரமா, ஓரம் நறுக்கின மாதிரி இருந்தா கம்ப்ரஷன், டிஸ்க்ல அடைக்கறதுக்காகப் படத்தைச் சுருக்கினதால வர்றது. முதலாவதுக்கு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. ரெண்டாவது டிஸ்க் போட்டவங்க தப்பு.

ரீல்பெட்டி
இதைத்தான் நானும் கேட்டேன். கதிர் எங்கே?

வெள்ளித்திரை_மணி
குண்டா தெரியறதுக்கு நான் பதில் சொல்றேன். அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் படத்துல 4:3, உங்க டிவியில 16:9. டிவி பக்கவாட்டுல இழுக்குது. நிலாப் பாட்டுல நிலா வட்டமா இருக்கா, படுக்க வெச்ச முட்டை மாதிரி இருக்கா பாருங்க. முட்டைன்னா டிவி ரிமோட்ல 4:3 வைங்க. ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரணும்.

பாட்டுப்பித்து
பேசாம அந்தக் கலர் பதிப்பையே வாங்குங்க கதிர். மொழி தெலுங்குன்னாலும் கதை தெரிஞ்சதுதானே. எங்க அம்மா அதைப் பார்த்துட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. படம் சுத்தமா இருக்கு, சத்தமும் 5.1.

வெள்ளித்திரை_மணி
கலர் பதிப்பை மட்டும் சொல்லாதீங்க. வண்ணம் ஏத்தினதோட நிறுத்தாம, அதை சினிமாஸ்கோப் ஆக்கினாங்க. 4:3 படத்தை 2.35 அகலத்துக்குக் கொண்டுவரணும்னா மேலயும் கீழயும் வெட்டித்தான் ஆகணும். முழு அகலத்தையும் வெச்சுக்கிட்டா உயரத்துல நாற்பது சதவீதத்துக்கு மேல போயிடும். கடோத்கஜன் உட்கார்ந்து சாப்பிடற பாட்டு உயரத்தை வெச்சே எடுத்தது. மேலே ஆள், கீழே அண்டா குண்டா. எதை வெட்டுவீங்க?

பாட்டுப்பித்து
அம்மா அளவுகோல் வெச்சுப் பார்க்கலைங்க. கறுப்பு வெள்ளைன்னாலே எழுந்து போற எங்க வீட்டுப் பசங்க கலர்னதும் மூணு மணி நேரம் உட்கார்ந்தாங்க. அடுத்த தலைமுறை பார்க்கணுமா வேண்டாமா?

நிலாச்சோறு
பார்க்கணும். ஆனா அந்த நிலாப் பாட்டை எடுத்துக்கங்க. நிலா வெளிச்சம்ங்கற மாயத்தையே கொண்டுவந்திருக்கார் பார்ட்லி. தண்ணியில மினுங்கறது, முகத்துல பாதி விழுந்து பாதி மறையறது, எல்லாமே கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவுல இருக்கற சாம்பல் படிகளை வெச்சுத் தீட்டினது. மேல நீலத்தைப் பூசினா அந்தப் படிகள் மறைஞ்சு, எல்லாம் ஒரே நீலமாயிடும். எனக்கு அதைப் பார்க்கறப்ப மனசு வலிக்குது. பழமைங்கறதுக்காகச் சொல்லலை, அவர் செஞ்ச வேலை கண்ணுக்குத் தெரியாமப் போகுதுங்கறதுக்காகச் சொல்றேன்.

பழைய புரொஜக்டர்
வண்ணம் ஏற்றுவது வேறு, மீட்டெடுப்பது வேறு. கீறல், அழுக்கு, நடுக்கம் இவற்றை நீக்கி, இருந்ததை இருந்தபடி கொண்டுவருவது மீட்பு. இங்கே பலருக்கு இந்த வேறுபாடு தெரியவில்லை.

பாட்டுப்பித்து
தெரியும் ஐயா. தமிழ்ப் பதிப்பை யாராவது அப்படி மீட்டுத் தந்தா நான்தான் முதல்ல வாங்குவேன்.

சிவகாமி_ர
கதிர் கேட்ட கேள்வி எங்கேயோ போயிடுச்சு. நாளைக்குள்ள அனுப்பணும்னு சொல்லியிருக்கார்.

கதிர்_78
மன்னிக்கணும், வேலையில இருந்தேன். தமிழ்தான். எச்டிஎம்ஐதான். சத்தம் சரியா வருது. கீறல் இல்லை, புது டிஸ்க். கரையற சீன்ல நிறுத்திப் பார்த்தேன். மணல் மாதிரி இல்லை, சதுரம் சதுரமாத்தான் இருக்கு. பெட்டி ஷாட்லயும் சதுரம்தான். சும்மா பேசிட்டு உட்கார்ந்திருக்கற சீன்ல தெரியலை. மத்த ரெண்டு படம் எப்படின்னு இன்னும் போட்டுப் பார்க்கலை.

ரீல்பெட்டி
எந்த மத்த ரெண்டு படம்??

கதிர்_78
இதே டிஸ்க்ல இருக்கறது. 3 இன் 1 தானே. எல்லாப் பழைய படமும் அப்படித்தானே வருது?

ரீல்பெட்டி
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கணும் கதிர். டிஸ்கை கம்ப்யூட்டர்ல போட்டு மொத்தம் எத்தனை ஜிபின்னு பாருங்க. மூணு படமும் சேர்ந்து எத்தனை மணி நேரம்?

கதிர்_78
4.3 ஜிபி. மூணும் சேர்த்து எட்டரை மணி நேரம் வருது.

நிலாச்சோறு
விடை கிடைச்சாச்சு. 4.3 ஜிபின்னா ஒற்றை அடுக்கு டிஸ்க், நிரம்பி வழியுது. எட்டரை மணி நேரம்னா 30,600 விநாடி. வகுத்துப் பார்த்தா விநாடிக்குச் சுமார் 1.2 மெகாபிட், அதுலயும் சத்தத்துக்குக் கொஞ்சம் போயிடும். டிவிடியில படத்துக்கு மட்டும் 9.8 மெகாபிட் வரை கொடுக்கலாம். பழைய விசிடிக்கே 1.15 மெகாபிட் இருந்துச்சு. விசிடியில படம் 352க்கு 288 புள்ளிதான். டிவிடியில 720க்கு 576, நாலு மடங்கு. விசிடிக்குப் போட்ட சோறுகூட இல்லாம நாலு மடங்கு ஆளுக்குப் பரிமாறியிருக்காங்க.

மந்திரக் காட்சியில மட்டும் உடையறதுக்கும் இதுதான் காரணம். ரெண்டு பேர் உட்கார்ந்து பேசற சீன்ல ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் பெரிய மாற்றம் இல்லை, குறைஞ்ச பிட்ல ஒப்பேத்திடலாம். தட்டு நகருது, லட்டு பறக்குது, ஆள் பெருசாகறார்னா ஒவ்வொரு பிரேமும் புதுசு. புரொஜக்டர் ஐயா சொன்ன ஆப்டிகல் கிரெய்னும் மேல சேர்ந்துக்கிட்டா அது ஒவ்வொரு பிரேம்லயும் இடம் மாறும், அதைப் பதிய இன்னும் பிட் வேணும். அது இல்லாததால சதுரமா உடையுது. அவர் சொன்னது பாதிக் காரணம். ஆனா அந்தப் பாதியைக் காப்பாத்திக் கொடுக்கறதுதான் டிஸ்க் போடறவங்க வேலை.

பழைய புரொஜக்டர்
3 இன் 1 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். திருப்பி அனுப்புங்கள்.

ஓரம்போ
இருந்தாலும் லென்ஸை ஒரு தடவை துடைச்சுப் பார்க்கலாம்.

வெள்ளித்திரை_மணி
கதிர், மாத்தி வாங்கறப்ப உறையில மூணு விஷயம் பாருங்க. ஒரு டிஸ்க்ல இந்தப் படம் மட்டும் இருக்கணும். டிவிடி 9னு போட்டிருந்தா நல்லது, 8.5 ஜிபி இடம் இருக்கும், மூணு மணி நேரப் படத்துக்கு 6 மெகாபிட் கிடைக்கும். மூணாவது, பால் (PAL) டிஸ்க்கா என்டிஎஸ்சி (NTSC) டிஸ்க்கான்னு பாருங்க, ரெண்டும் வேற வேற டிவி முறை. பால் டிஸ்க்ல 24 பிரேம் படத்தை 25 பிரேமா வேகமா ஓட்டுவாங்க, நூறு நிமிஷப் படம் 96 நிமிஷத்துல முடிஞ்சிடும். பாட்டெல்லாம் சுருதி ஏறிக் கேட்கும். அப்பா தியேட்டர்ல கேட்டவர்னா உடனே கண்டுபிடிச்சிடுவார். படம் வெட்டியிருக்காங்கன்னு அப்ப சந்தேகப்படாதீங்க.

சிவகாமி_ர
ஓரத்துல கம்பெனி லோகோ கடைசி வரைக்கும் நிக்குதான்னும் பாருங்க. என்கிட்ட இருக்கற ஒரு பழைய படத்துல லோகோ நாயகியோட நெத்தி மேலயே நிக்குது.

கதிர்_78
அனுப்பிட்டேன். 4:3 வெச்சதும் நிலா வட்டமாச்சு. அனுப்பறதுக்கு முன்னாடி அப்பா அந்தச் சாப்பாட்டுப் பாட்டை ரெண்டு தடவை போடச் சொன்னார். சதுரம் எதுவும் அவருக்குத் தெரியலையாம். எல்லாருக்கும் நன்றி.

ரீல்பெட்டி
தனி டிஸ்க் கிடைச்சா எத்தனை ஜிபின்னு இங்கே வந்து போடுங்க கதிர். நானும் தமிழ்ப் பதிப்பைத் தேடிட்டிருக்கேன்.