திருட்டுப்போன கழுத்திரு கிடைத்துவிட்டது, கோர்ட்டிலிருந்து எப்படி வாங்குவது?

கேள்வி (காரைக்குடி)
ஊர் வீட்டில் திருடுபோன நகைகளைப் போலீஸ் மீட்டுவிட்டது. ஆத்தாவின் கழுத்திரு (நகரத்தார் பெண்களின் தாலி), ஒரு ஜோடி வைரத்தோடு, கொஞ்சம் வெள்ளிச் சாமான். தோடு மட்டும் திருடன் வைத்த அடகுக்கடையிலிருந்து போலீஸ் எடுத்தது. "கேஸ் முடிஞ்சாத்தான்" என்கிறார்கள். எல்லாம் பழைய நகை, பில் கிடையாது. ஆத்தா இப்போது கோலாலம்பூரில் அக்கா வீட்டில். என்ன செய்யலாம்?

பதில் 1
கேஸ் முடியக் காத்திருக்க வேண்டாம் தம்பி. நகையை ஒப்படைக்க உத்தரவிடுவது மாஜிஸ்திரேட். ஸ்டேஷனில் கேட்க வேண்டியது, நகையைப் படிவம் 95-ல் (போலீஸ் பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பும் பட்டியல்) கோர்ட்டுக்கு அனுப்பியாச்சா, எந்தத் தேதி என்பதுதான். அனுப்பியிருந்தால் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 497-வது பிரிவில் மனு. கைப்பற்றிய தகவல் மட்டும் போயிருந்தால் 503-ல் மனு. (2024 ஜூலை 1-க்கு முன் பழைய சட்டத்தில் இவை 451, 457.)

497-ன்படி பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் விவரப்பட்டியலும் படமும் எடுத்து, அடுத்த 30 நாளுக்குள் உத்தரவு போட வேண்டும். அந்தப் பட்டியலும் படமுமே விசாரணையில் சாட்சியமாகும். அதனால் "நகை சாட்சியத்துக்கு வேணும்" என்பது நிறுத்திவைக்கக் காரணமாகாது. 2002-ல் சுந்தர்பாய் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றமும் நகைகளைப் படம் எடுத்து, பத்திரமும் ஜாமீனும் வாங்கிக்கொண்டு தரச் சொல்லியிருக்கிறது. வக்கீல் அதை மனுவிலேயே காட்டட்டும்.

பதில் 2
மனு நிற்பதும் விழுவதும் நகை விவரத்தில்தான். மகஜரில் (போலீஸ் கைப்பற்றும்போது எழுதும் பட்டியல்) "தங்கச் செயின் 1" என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், எஃப்.ஐ.ஆரில் இருக்கிற கழுத்திருவும் அதுவும் ஒன்றுதானா என்று கேள்வி வரும். ஏத்தனம், உரு, துவாளை, கடைமணி என்று கழுத்திருவில் கோர்த்த உருப்படி ஒவ்வொன்றும் எத்தனை என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். எடையும் அப்படித்தான். புகாரில் பவுன் கணக்கு, மகஜரில் கிராம் கணக்கு இருக்கும் (பவுனுக்கு 8 கிராம்). நூலும் அரக்கும் சேர்ந்த எடையா, தங்கம் மட்டுமா என்பதிலும் வித்தியாசம் வரும். வித்தியாசம் இருந்தால் மனு போடுவதற்கு முன்னாலேயே இன்ஸ்பெக்டரிடம் பி.என்.எஸ்.எஸ். 180-ல் கூடுதல் வாக்குமூலம் கொடுத்துச் சரிசெய்யுங்கள்.

பில் இல்லையென்று கலங்காதீர்கள். கழுத்திரு கல்யாணத்திலும் அறுபதாம் கல்யாணத்திலும் பூணுவது. அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் போடுங்கள். கல்யாணச் சீர்சாமான் எழுதிய நோட்டு, எப்போதாவது பேங்கில் வைத்த நகைக்கடன் சீட்டு இரண்டும் நல்ல ஆதாரம். வெள்ளியில் பெயரெழுத்து வெட்டியிருந்தால் அதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

பதில் 3
நகை ஆத்தாவுடையது என்றால் மனுதாரரும் ஆத்தாதான். உங்கள் பெயரில் போட்டால் முதல் ஆட்சேபணையே அதுவாக இருக்கும். கோலாலம்பூர் இந்தியத் தூதரகத்தில், ஆத்தாவுக்காக நீங்கள் நடத்த அதிகாரம் தரும் பவர் பத்திரம் கையெழுத்தாகி அத்தாட்சி பெறட்டும். அது இந்தியாவுக்கு வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிடுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

அடகுக்கடைக்காரர் கொடுத்த பணத்தைக் கேட்பார். திருடியவன் வைத்த அடகால் அவருக்கு உங்கள் தோட்டின் மேல் உரிமை வராது, பணத்துக்கு அவர் அடகு வைத்தவனைத்தான் பிடிக்க வேண்டும். வெளியே சமரசம் பேசிக் காசு கொடுக்காதீர்கள். அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தால், பிறகு "எனக்கு நோட்டீஸ் வரல" என்று உத்தரவை அசைக்க முடியாது.

கேள்வி (காரைக்குடி)
நன்றி அண்ணே. கையில் வந்த பிறகு கழுத்திருவைப் புது நூலில் கோர்க்கலாமா? நூல் நைந்திருக்கிறது.

பதில் 2
கூடாது. இது இடைக்கால ஒப்படைப்புதான். விற்க மாட்டேன், அடகு வைக்க மாட்டேன், உருமாற்ற மாட்டேன், கூப்பிட்டால் கொண்டுவருவேன் என்று பத்திரம் எழுதித் தருகிறீர்கள். பாலிஷ்கூடப் போடாதீர்கள். நூல் அறும் நிலையில் இருந்தால் கோர்ட்டில் அனுமதி மனு போட்டு, கோர்ப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துத் தாக்கல் செய்யுங்கள். வாங்கும் அன்றைக்கே கோர்ட்டின் சொத்து கிளார்க் முன்னால் எண்ணி, எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பதில் 1
ஜாமீன்தாரர் வீட்டுவரி ரசீதோடு வர வேண்டியிருக்கும். வக்கீல் வைக்க முடியாவிட்டால் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசம், உதவி எண் 15100. மனு தள்ளுபடியானால் சிவகங்கை செஷன்ஸ் கோர்ட்டுக்கோ ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கோ போகலாம்.