இடுப்பு வலிக்குக் கைரோபிராக்டரிடம் போகலாமா?

நீடாமங்கலம் வாசகி கேட்கிறார்:

என் அண்ணனுக்கு வயது 46. நெல் கொள்முதல் நிலையத்தில் சுமை தூக்கும் வேலை பார்க்கிறார். சம்பா அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, 40 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு அட்டியின் மேல் வரிசையை நோக்கித் திரும்பிய வேகத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டு மாதத்துக்கு மேலாகியும் வலி விடவில்லை. இப்போது இடது பிட்டத்தில் தொடங்கித் தொடையின் வெளிப்புறமாக இறங்கிக் கால் கட்டைவிரல் வரை சுரீரென்று இழுக்கிறது. தும்மினால் அதிகமாகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளான எல்4, எல்5 இரண்டுக்கும் நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருப்பதாக எழுதியிருக்கிறார்கள்.

கழுத்தையும் இடுப்பையும் சொடுக்கெடுக்கும் காணொளிகளை யூடியூபில் பார்த்துவிட்டு, முதுகெலும்பைக் கைகளால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர் ஒருவரிடம் போகவேண்டும் என்று உறுதியாக இருக்கிறார். அங்கே விசாரித்தபோது, பத்து முறைக்கான கட்டணத்தை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் சலுகை உண்டு என்றும், ஸ்கேன் தேவையில்லை, விலகிய எலும்பை உட்கார வைத்துவிடலாம் என்றும் சொன்னார்கள். அண்ணியோ ஊரில் சுளுக்கு வழிப்பவரிடம் காட்டினாலே போதும் என்கிறார். மூட்டைக் கணக்கில் கூலி வாங்கும் குடும்பம் என்பதால், செலவழிக்கும் பணம் வீணாகிவிடக் கூடாது, உடம்புக்கும் கேடு வந்துவிடக் கூடாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கும்பகோணம் இயன்முறை மருத்துவர்:

சகோதரி, யாரிடம் போவது என்பதற்கு முன்னால், இது எந்த வகை வலி என்பது தெரியவேண்டும். இடுப்போடு நிற்கும் வலி வேறு; நரம்பு அழுத்தப்பட்டுக் காலுக்கு இறங்கும் வலி வேறு. அண்ணனை மல்லாந்து படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் இடது காலை நீங்களே மெல்ல உயர்த்துங்கள். பாதி உயரத்துக்குள்ளாகவே முழங்காலுக்குக் கீழே சுரீரென்று இழுத்தால், நரம்பு அழுத்தப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு குதிகாலை மட்டும் ஊன்றி நடக்கச் சொல்லுங்கள். இடது பாதத்தின் முன்பகுதி தொங்கினாலோ, நடக்கும்போது அவர் அறியாமலே அந்தக் காலின் செருப்பு கழன்று விழுந்தாலோ, தசை பலவீனமடையத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, எந்தக் கைவைத்தியத்துக்கும் போகாமல் மருத்துவரைப் பார்க்கவேண்டும். சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தன்னையறியாமல் மலம் போவது, ஆசனவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றைக்கே தஞ்சாவூர் அல்லது திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதில் ஒரு நாள் தாமதமும் நிரந்தர ஊனமாக முடியக்கூடும். மாலைக் காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் விடாத இரவு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்கவேண்டும். அரிக்கப்பட்ட எலும்பின்மேல் விசையோடு கைவைப்பது பேராபத்து.

கைரோபிராக்டிக் முறையை 1895இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி.பால்மர் என்பவர் தொடங்கினார். முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவருடைய கொள்கை. இன்றைய மருத்துவ அறிவியல் அதை ஏற்பதில்லை. காணொளியில் கேட்கும் ‘படக்’ என்ற சத்தம் எலும்பு திரும்ப உட்காரும் சத்தமும் அன்று. மூட்டுக்குள் இருக்கும் நீர்மத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவது அது. விரல் மூட்டைச் சொடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. படமெடுத்து 2015இல் இதைக் காட்டியிருக்கிறார்கள்.

அதற்காக அந்த முறையை முழுவதும் தள்ளிவிடவும் முடியாது. காலுக்கு இறங்காத சாதாரண இடுப்பு வலிக்கு, முதுகெலும்பில் கைகளால் செய்யும் சிகிச்சையையும் ஒரு வழியாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும், நாட்பட்ட வலிக்காக உலக சுகாதார அமைப்பு 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏற்கின்றன. பலன் மிதமானதுதான், உடற்பயிற்சியோடு சேர்ந்தால்தான் நிலைக்கும். பிரிட்டனில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர் கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. இந்தியாவில் அப்படிப்பட்ட சட்டப்பூர்வ மன்றம் இல்லாததால், முறையாகப் படித்தவரும் சில வாரப் பயிற்சி முடித்தவரும் ஒரே பெயரில் பலகை மாட்டலாம். ஸ்கேனைப் பார்க்காமலே பத்து முறைக்குப் பணம் கேட்பவரிடம் அண்ணனை நான் அனுப்பமாட்டேன்.

திருவையாறு விவசாயி:

வாழைத்தார் சுமந்து வந்த இடுப்பு வலிக்காக, வெளிநாட்டில் முறையாகப் படித்து வந்த கைரோபிராக்டர் ஒருவரிடம் சென்னையில் காட்டினேன். அவர் கைவைப்பதற்கு முன்பே நெடுநேரம் கேள்விகள் கேட்டார். முழங்காலிலும் குதிகாலுக்கு மேலும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கழுத்தைத் தொடவே இல்லை. வலி கணிசமாகக் குறைந்தது, ஆனால் சில நாளில் பாதி திரும்பிவிட்டது. அவர் கற்றுக்கொடுத்த பயிற்சிகளை விடாமல் செய்த பிறகுதான் குனிந்து களை பறிக்க முடிந்தது. தேவைப்பட்டால் மட்டும் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். நீங்கள் குறிப்பிடும் இடம் அப்படித் தெரியவில்லை, அம்மா.

நாகப்பட்டினம் செவிலியர்:

இடுப்பு வலிக்காகப் போகிறவருக்குக் கழுத்தையும் சேர்த்துத் திருப்பிவிடுவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அதற்கு மட்டும் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கழுத்தெலும்புகளின் ஊடே மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. அரிதுதான், ஆனால் வந்தால் குடும்பமே நிலைகுலைந்துவிடும். சுளுக்கு வழிப்பவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நம் முறைதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைச் சித்த மருத்துவப் பிரிவில், பதிவு பெற்ற மருத்துவரிடம் ஸ்கேனைக் காட்டிவிட்டு, உடம்பைத் தேய்த்துப் பிடித்துவிடும் சித்த முறையான தொக்கணம் பற்றிக் கேளுங்கள். செலவை நினைத்துத் தயங்கவேண்டாம்: 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் பகுதிக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பெயரைக் கொடுங்கள்.

நீடாமங்கலம் வாசகி:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தோம். குதிகாலில் சரியாக நடக்கிறார். ஆனால் காலை உயர்த்தும்போது பாதியிலேயே இழுக்கிறது. சிறுநீர்ப் பிரச்சினையோ காய்ச்சலோ இல்லை. டிஸ்க் பிதுங்கிவிட்டது, இனி மூட்டையே தூக்க முடியாது என்று மனமுடைந்து படுத்தே கிடக்கிறார்.

கும்பகோணம் இயன்முறை மருத்துவர்:

பலவீனம் இல்லை என்பது நல்ல செய்தி. ஸ்கேன் அறிக்கையைக் கண்டு அவர் அஞ்சவேண்டியதில்லை. வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களைப் படமெடுத்தாலும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும் என்று 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு சொல்கிறது. காலுக்கு இறங்கும் வலியும் பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே சில மாதங்களில் தணிந்துவிடும். ஆனால் படுத்தே கிடந்தால் தசை இளைத்து, தேறுவது தள்ளிப்போகும். காலையும் மாலையும் வாய்க்கால் கரையில் தாங்குகிற தூரம் நடக்கட்டும். குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி நெஞ்சை மட்டும் சிறிது உயர்த்திச் சில நிமிடம் இருக்கட்டும். அப்போது கால் வலி மேலேறி இடுப்போடு நின்றால் அது நல்ல அறிகுறி, தொடரலாம். வலி இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிடவேண்டும்.

வலி முற்றிலும் தணியும்வரை மூட்டை வேண்டாம். நிலையத்தில் எடைத் தராசுப் பக்கம் நிற்கும் வேலையாகக் கேட்டுப் பார்க்கட்டும். மறுபடி தூக்கத் தொடங்கும்போது இருவர் பிடித்து ஏற்றவேண்டும். சுமையோடு இடுப்பை முறுக்காமல், பாதங்களை எடுத்துவைத்தே திரும்பவேண்டும். இரண்டு மாதம் கடந்துவிட்டதால் இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். போகும்போது ஸ்கேன் அறிக்கைத் தாளோடு படங்களையும் எடுத்துச் செல்லுங்கள். நரம்பு எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதை அவர் தம் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்வார்.