குரூப் பை குவெரி காலையில் 3 செகண்ட், சாயங்காலம் 14 செகண்ட்

போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ், உபுண்டு, 16 ஜிபி ரேம். ஆர்டர் டேபிளில் 4 கோடி வரிசை. கடைசி 90 நாளில் டெலிவரி ஆனதை வடிகட்டி, வாடிக்கையாளர் வாரியாகக் கூட்டி, அதிகத் தொகையிலிருந்து முதல் 50 பேர் வேண்டும். லிமிட் 50 இங்கே பெரிதாக உதவாது. எல்லோருக்கும் கூட்டி முடித்த பிறகுதானே வரிசைப்படுத்த முடியும்.

இரண்டு வாரமாகச் செய்து பார்த்தது: தேதி நெடுவரிசையை டேட் ஃபங்ஷனுக்குள் போட்டிருந்ததால் இண்டெக்ஸையே (வரிசைகளை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) தொடவில்லை. ரேஞ்சாக மாற்றியதும் 41 செகண்ட் 19 ஆனது. வொர்க் மெம் (வரிசைப்படுத்த, கூட்ட ஒதுக்கும் ரேம்) 4-இலிருந்து 64 எம்பி ஆக்கியதும், கூட்டுவதற்கான ஹேஷ் டேபிள் ரேமில் இடம் போதாமல் டிஸ்க்குக்கு வழிவது நின்றது. பிறகு ஸ்டேட்டஸ், தேதி மேல் இண்டெக்ஸ்; இன்க்லூடில் (இண்டெக்ஸோடு சேர்த்து வைக்கும் கூடுதல் நெடுவரிசைகள்) வாடிக்கையாளர் ஐடி, தொகை.

இப்போது பிளானில் இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேன்தான், அதாவது டேபிளைத் தொடாமல் இண்டெக்ஸிலிருந்தே படிப்பது. ஆனால் சாயங்காலம் 'ஹீப் ஃபெட்சஸ்: 2614873' (டேபிளுக்கே போய்ப் பார்த்த தடவைகள்) என்று நிற்கிறது. ராத்திரி கையால் வாக்கம் (செத்த வரிசைகளைச் சுத்தம் செய்யும் வேலை) ஓட்டினால் கிட்டத்தட்ட பூஜ்யம். ரீஃபண்டு, செட்டில்மெண்ட் அப்டேட்கள் பழைய ஆர்டர்களையும் தொடுகின்றன; ஒரு வரிசை மாறினாலே அந்தப் பேஜ் முழுக்க விசிபிலிட்டி மேப்பிலிருந்து (டேபிளைப் பார்க்காமலே நம்பலாம் என்ற பேஜ்களின் குறிப்பு) போய்விடுகிறது. ஆட்டோவாக்கம் (தானாக ஓடும் வாக்கம்) எப்போது எழ வேண்டும் என்று சொல்லும் ஸ்கேல் ஃபேக்டர் டீஃபால்ட் 0.2, அதாவது 80 லட்சம் செத்த வரிசை சேரும் வரை அது எழுந்திருக்காது.

இந்த டேபிளுக்கு மட்டும் 0.01 வைத்தால் பகல் லோடில் டிஸ்க் தாங்குமா, இல்லை நாள்வாரி சம்மரி டேபிள்தான் வழியா?